எதிர்ப்பிடி

ஹரோல்ட் தும்மினால் எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், ஃபேக்டரி சங்கு ஊதிவிட்டது என்று. இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தும்மிய தும்மலில், புதிதாக வந்திருந்த வங்காளதேசத்து ஆட்கள் ஒரு கூட்டமே பூட்ஸை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டது. வேலைக் கணக்கு எழுதுகிற கிராணி பின்னாலேயே ஓடி இறக்கிக்கொண்டு வந்தார். சரி, கூட்டம் இல்லை, ஒருவர். அவரும் பாதி வழியில் நின்று யோசித்துவிட்டுத் தானே திரும்பிவிட்டார். ஆனால் பூட்ஸை மாட்டியது உண்மை.

அந்தத் தொண்டையால்தான் அவன் தினமும் விடியலில் ஜெபம் செய்வான். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறுகிற வழியில் பிரிந்து இறங்கினால் எங்கள் லயத்து வரிசை வீடுகள். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். மாமன்னரில் ஆரம்பித்து, மேனேஜர், வழுக்குகிற சரிவில் மிஷின் பிடிக்கிறவர்கள், அவன் மகள் கேத்லீனுக்கு வரப்போகிற மாப்பிள்ளை, என் பழைய கான்சில் காரின் ரேடியேட்டர் வரைக்கும் ஒருவரையும் விடமாட்டான். எங்கள் சாமி மேடையில் வேலோடு நிற்கிற முருகனுக்கு இந்நேரம் ஸ்தோத்திரம் மனப்பாடம் ஆகியிருக்கும். என் மனைவி அம்மாக்கண்ணு கடிகாரம் பார்ப்பதில்லை. அவன் ஆரம்பிக்கும்போது உலை வைப்பாள். அவன் ஆமென் சொல்லும்போது சோறு வடிப்பாள். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கும் அந்தச் சத்தம்தான் எழுப்புமணி.

ஒருநாள் காலை நான் எழுந்து பார்த்தால் வெளிச்சம் ஜன்னலைத் தாண்டி வந்திருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. அம்மாக்கண்ணு அரிசியைக் களைந்து கையில் வைத்துக்கொண்டு சுவரில் காதை ஒட்டி நின்றிருந்தாள்.

"என்னாடி, இன்னும் ஒல வைக்கல?"

"எப்பிடி வைக்கிறது? ஹரோல்ட் அண்ணன் இன்னும் ஆரம்பிக்கலையே."

நானும் போய்ச் சுவரில் காதை வைத்தேன். ஏனென்றால் முந்தின நாள்தான் நவமணியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

நவமணி ஹரோல்டின் மனைவி. எங்கள் எஸ்டேட்டில் இப்போது தேயிலையைக் கையால் கிள்ளுவது குறைவு. இரண்டு பேர் பிடிக்கிற மிஷின்தான். செடி நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவே கத்தி செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகும், கொழுந்து பின்னால் பையில் விழும். எஞ்சின் பக்கத்துப் பிடி ஹரோல்டுக்கு, எதிர்ப்பிடி நவமணிக்கு. புருசனும் பெண்டாட்டியும் ஒரே மிஷினைப் பிடித்தால் சண்டை வரும் என்று கிராணி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை வந்தது. ஆனால் மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, ஆகவே ஒத்துக்கொண்டார்.

முந்தின நாள் பனி இறங்கியிருந்த நிரையில் நவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பித்தப்பை அழுகிக் கிடக்கிறது, உடனே ஈப்போவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். துணைக்கு ஒருவர்தான் ஏறலாம். கேத்லீன் அங்கேயே ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறவள், உடுப்புக்கூட மாற்றாமல் ஏறிக்கொண்டாள். ஹரோல்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு வானத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னான்:

"ஆண்டவரே, எனக்கு எடம் இல்லியாம். நீர் ஏறிக்கும்!"

கொஞ்சம் விலகி வழிவிட்டான் வேறு. டிரைவர், இன்னும் யாரோ வருகிறார்கள் போல என்று காத்துக்கொண்டிருந்தார். நவமணி உள்ளே படுத்தபடி எங்கள் பக்கம் கையை ஆட்டி ஏதோ முணுமுணுத்தாள். வலி என்று நினைத்தோம். கதவு மூடியது.

அன்றைக்கு ஊற்றிய மழை இருக்கிறதே! ரிங்லெட் அணைத் தண்ணீர் பால் ஊற்றின தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது; சீனி போட்டால் குடிக்கலாம். ஆம்புலன்ஸ் போன கொஞ்ச நேரத்தில் கோலா தெர்லாவுக்கு அப்பால் ஈப்போ போகிற ரோட்டில் மலை இறங்கி உட்கார்ந்துகொண்டது. தாப்பா பக்கம் மரங்கள் சாய்ந்து ரோட்டை அடைத்துவிட்டன. ஈப்போவுக்கு இறங்க இருந்த இரண்டு வழியும் அடைபட்டு, மலையில் இருந்தவர்கள் மலையிலேயே.

ஹரோல்ட் கேட்பானா? அன்று ராத்திரியே என்னை எழுப்பி, கான்சிலை எடுக்கச் சொன்னான். கோலா தெர்லா வரைக்கும் போனோம். முட்டைகோஸ் ஏற்றிய லோரிகள் ரோட்டோரம் நின்று வாடிக்கொண்டிருந்தன. போலீஸ்காரர் கையைக் காட்டித் திருப்பினார்.

"நான் நடந்து போயிர்றேன் சாமி. சேறுதான? தாண்டிருவேன்," என்றான் என்னிடம். சாமி என்பது என் பெயர்.

"எங்க தாண்டுவ? இடுப்பு வரைக்கும் எறங்கும்யா."

"இடுப்புக்கு மேலதான லா நெஞ்சு இருக்கு. நெஞ்சு போயிரும்."

இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டேன். அதற்கு மறுநாள் காலைதான் சுவர் பேசாமல் இருந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அவன் வீட்டையே புரட்டிப்போட்டிருந்தான். மேசை ஜன்னல் பக்கம் போயிருந்தது, அலமாரி வாசலுக்கு வந்திருந்தது, துவைத்த துண்டையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தான். அம்மாக்கண்ணு கஞ்சியும் நெத்திலி சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்தான், எழுந்தான், நின்றபடியே இரண்டு வாய் எடுத்துவிட்டான். நானும் அம்மாக்கண்ணுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாப்பாட்டுக்கு முன்னால் அவன் நன்றி சொல்கிற ஜெபத்தில் சுடுசோறு பழைய சோறாகிவிடும். பூனை அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும்.

"ஏன்யா, ஜெபம் பண்ணல?"

"இல்ல."

"காலையிலயும் பண்ணல. தொண்ட சரியில்லையா?"

"தொண்டைக்கு என்னா கேடு. ஆளு இல்ல."

"யாரு?"

கையை மேலே காட்டினான். பிறகு அதையே இறக்கி, மலைக்கு அந்தப் பக்கம் ஈப்போவைக் காட்டினான்.

"அனுப்பிட்டேன்ல சாமி. நீதான் பாத்தியே."

அம்மாக்கண்ணு சம்பல் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, கடவுள் எல்லா எடத்துலயும் இருக்காருன்னு நீங்கதான சொல்லுவீங்க. எங்க வீட்டு மொளகாச் செடியிலகூட இருக்காருன்னீங்க."

"இருக்காரு தங்கச்சி. இல்லேன்னு சொல்லல. மேனேஜருக்கு இந்த எஸ்டேட்டுல எத்தன டிவிஷன்? எல்லாம் அவரு பொறுப்புதான். ஆனா அவரு ஜீப்பு எந்த டிவிஷன்ல நிக்குதோ அங்கதான வேல ஒழுங்கா நடக்குது?"

"அப்ப ஆண்டவர்கிட்ட ஜீப்பு ஒண்ணுதான் இருக்கா?" என்றேன்.

"நக்கல் பண்ணாத. அவளுக்கு ரத்தத்துல இனிப்பு நீரு ஏறிக் கெடக்கு. அது எறங்கினாத்தான் கத்தி வைப்பாங்களாம். வச்சாலும் பொழைப்பாளான்னு டாக்டரு நெத்திய சுருக்குறாராம், கேத்லீன் சொல்லுது. இந்த நேரத்துல அவரு அங்க நிக்கணும். கவனம் இந்தப் பக்கம் திரும்பக்கூடாது."

"நீ ஒரு தடவ கூப்பிட்டா, நவமணிய அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்துருவாரா?"

"வந்துருவாரு சாமி." அவன் முகம் விழுந்துவிட்டது. "அதான பயமே. நான் கூப்பிட்டு வராம இருந்ததே இல்ல. தல வலிக்குதுன்னா வருவாரு. மிஷினு ஸ்டார்ட் ஆகலன்னா வருவாரு. உன் ரேடியேட்டருக்குக்கூட வந்துருக்காரு. லேசுல வந்துர்ற ஆளு. வாய் தவறி ஒரு தடவ கூப்பிட்டேன்னு வையி..."

துண்டை எடுத்து மறுபடி பிழிய ஆரம்பித்தான். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

வீட்டில் இருந்தால் கூரையைப் பிரித்துத் துவைத்துவிடுவான் என்று, வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிர்ப்பிடிக்கு அன்று ஆள் கிடைக்கவில்லை. நான் பிடிக்கிறேன் என்றேன். கிராணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு நிரை மட்டும், விழுந்தால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைய பனியைக் கையால் அள்ளி ரொட்டியில் தடவலாம். என் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எதிரே ஹரோல்ட் இல்லை. ஒரு தொப்பியும் கொஞ்சம் இருமலும் இருந்தன. எஞ்சின் கயிற்றை இழுத்தான். மிஷின் உதறிக்கொண்டு எழுந்தது. செடியின் பச்சை வாசம், பெட்ரோல் வாசம், ஈர மண். நாலு எட்டு வைத்ததும் என் தோள் கழன்று ரிங்லெட்டுக்குப் போய்விட்டது.

"சாமி! பிடி! பிடிக்கச் சொன்னா தொங்குற!"

"பிடிச்சுக்கிட்டுத்தான்யா வர்றேன்!"

"தூக்கிப் பிடி! பாதிச் செடிய மொட்ட அடிச்சிட்ட, அந்தப் பக்கம் சாயுது!"

நிரை முடிவில் நிறுத்தினான். நான் மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவன் உட்காரவில்லை. என் பக்கத்துப் பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இந்த மாதிரி பனியில அவ மொகம் எனக்குத் தெரியாது. கூப்பிட்டாலும் எஞ்சின் சத்தத்துல கேக்காது. பிடியிலதான் தெரியும். அவ களைச்சிட்டாளா, கோவமா இருக்காளா, வெத்தல போட நிக்கணுமா, எல்லாம் என் மணிக்கட்டுக்கு வந்துரும். நேத்தும் அப்பிடித்தான். அவ விழுந்தத நான் பாக்கல சாமி. திடீர்னு மிஷினு அந்தப் பக்கமா சாஞ்சிச்சு. அப்பவே தெரிஞ்சிருச்சு, பிடிக்கிற ஆளு இல்லன்னு."

அதற்கு நான் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. சொல்ல ஒன்று இருந்தது, விழுங்கிவிட்டேன்.

மதியம் திரும்பி வந்தால் லயத்து வாசலில் சிவப்பு புரோட்டோன் கார் நின்றது. தானா ராத்தாவிலிருந்து பார்பரா வந்திருந்தாள். ஹரோல்டின் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் தலைவி. கூட நாலைந்து பெண்கள், ஒரு கிடார், ஒரு தம்புரீன், ஒரு பெரிய டப்பா நிறைய வாழைப்பழ ரொட்டி. பார்பராவின் குரல் ஹரோல்டின் குரலுக்கு அக்கா முறை. அவள் பாட ஆரம்பித்தால் ஸ்ட்ராபெரி தோட்டத்தில் பழம் தானாக உதிரும்.

ஹரோல்ட் அவர்களைப் பார்த்ததும் ஓடினான். வரவேற்க ஓடுகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். வாசற்படியில் ஏறி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"சிஸ்டர், உள்ள வர வேணாம்!"

"பிரதர், சிஸ்டர் நவமணிக்காக ஜெபிக்க வந்திருக்கோம்."

"இங்க ஜெபிக்காதீங்க!"

தம்புரீன் ஒருமுறை தானாகக் குலுங்கி நின்றது.

"என்னா பிரதர் சொல்றீங்க? விசுவாசம் தளந்து போச்சா?"

"விசுவாசம்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஆனா உங்க தொண்ட எனக்குத் தெரியும் சிஸ்டர். நீங்க ஒரு அல்லேலூயா போட்டா, அவரு எந்த ஆபரேஷன் ரூம்ல இருந்தாலும் திரும்பிப் பாத்துருவாரு."

"சரி, நாங்க ரோட்ல நின்னு..."

"ரோட்லயும் வேணாம்! வேணும்னா கோலா தெர்லா தாண்டி, அங்க மண்ணு சரிஞ்ச எடத்துல நின்னு, அந்தப் பக்கமா மொகத்த வச்சுப் பண்ணுங்க. இந்தப் பக்கம் ஒரு வார்த்த வரக்கூடாது!"

பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி எங்கள் வீட்டு முருகனைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவருக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. அம்மாக்கண்ணு நடுவே புகுந்து, "அண்ணனுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல சிஸ்டர்," என்று என்னென்னவோ சமாளித்தாள். நான் பார்பரா ஒரு சாபத்தைப் போட்டுவிட்டுக் காரை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். வேடிக்கைக்குத் தயாராகவும் நின்றேன்.

அவள் படிக்குக் கிட்டே வந்தாள். அந்தப் பெரிய குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"பயமா இருக்கா பிரதர்?"

விரித்த கை இறங்கியது.

"இருக்கு சிஸ்டர். ரொம்ப பயமா இருக்கு. ஊருல இருக்குற எல்லாருக்கும் அவருகிட்ட சொல்லுவேன். எனக்குன்னு ஒரு வார்த்த சொல்ல முடியல. வாய தச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவள் அவன் முழங்கையை ஒருமுறை பிடித்துவிட்டு, வாழைப்பழ ரொட்டியை என் கையில் கொடுத்தாள். "இவருக்கு ஊட்டிவிடுங்க," என்றாள். கிளம்பிப் போகும்போது வளைவு வரைக்கும் ஹரோல்ட் பின்னாலேயே போய், காருக்குள் யாராவது வாயசைக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தான்.

மழையில் போன் கோபுரம் படுத்துவிட்டதால் எஸ்டேட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் லைன் கிடைத்தது. மலை உச்சியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில். அதற்காக ஹரோல்ட் அன்றைக்கு மட்டும் அந்த மலையை ஏறி இறங்கியதில் மலை அரை அடி தேய்ந்திருக்கும். வெயில் சாயும் முன் ஏறியபோது கேத்லீனின் செய்தி வந்து கிடந்தது. அவன் போனை என்னிடம் நீட்டிவிட்டான், நான்தான் வாசித்தேன். இனிப்பு நீர் இறங்கிவிட்டது, இன்றைக்கே ஆபரேஷன், உள்ளே போகும் முன் அம்மா பேசுவார், தொட்டியை விட்டு நகராதீர்கள்.

நகராமல் இருக்க அவனால் முடியுமா? தொட்டியைச் சுற்றி நடந்தான். பனி மறுபடி ஏறி வந்தது. நான் எச்சரிக்கும் முன் சரிவு விளிம்பில் கால் வைத்தான். ஈர மண் வழுக்கியது. ஆள் பாதி உடம்பு கீழே போய்விட்டான். இப்படி விழும்போது எந்த மனுசனும் கடவுளைக் கூப்பிடுவான், நாத்திகன்கூடக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு மறுப்பான். ஹரோல்டின் வாய் "இயே..." என்று திறந்தது. அப்படியே இரண்டு உதட்டையும் கடித்து மூடிக்கொண்டான். கண் பிதுங்கியது, சத்தம் வரவில்லை. நான் குப்புற விழுந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இந்த இடத்தில் நான் காட்டிய வீரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கதை முடியாது.

சேற்றோடு அவன் எழுந்து நிற்கும்போது போன் அடித்தது. சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"என்னாங்க."

"மணி! மணி! எப்பிடி இருக்க?"

"கத்தாதீங்க, நர்ஸு திரும்பிப் பாக்குது. வலி இருக்கு. இப்ப உள்ள கொண்டு போவப்போறாங்க. பசியாறினீங்களா?"

"ம்ம்."

"பொய். அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேம்மா," என்றேன். "ரொட்டி ஊட்டினேன், துப்பிட்டான்."

"பாத்துக்குங்கண்ணே. என்னாங்க, ஒரு ஜெபம் பண்ணுங்க. சின்னதா. தள்ளிக்கிட்டுப் போற ஆளு நிக்கிறாரு."

ஹரோல்ட் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்னாங்க? லைன் இருக்கா?"

"இருக்கு மணி. நான் பண்ணக்கூடாது. நீ பண்ணு. அவரு அங்கதான் இருக்காரு. நான்தான் ஆம்புலன்ஸ்லயே ஏத்தி அனுப்பிட்டேனே."

"யார ஏத்தி அனுப்பினீங்க?"

"ஆண்டவரத்தான். நீரே பாத்துக்கும், இங்க நான் கூப்பிட மாட்டேன்னு..."

ஈப்போவில் யாரோ வண்டி தள்ளுகிற சத்தம் கேட்டது.

"அலாமா," என்றாள் நவமணி. "நான் அவர எறங்கிக்கச் சொல்லிட்டனே!"

"என்னா?"

"கதவ சாத்துறப்ப சொன்னேனே. ஆண்டவரே, எனக்கு டாக்டரு இருக்காங்க, எம்மக இருக்கா. இந்த மனுசனுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது, நீர் இவரோட எறங்கிக்கும்னு. அதுலேருந்து நானும் வாயத் தொறக்கல. கூப்பிட்டா உங்கள விட்டுட்டு வந்துருவாரோன்னு."

பனியில் ஹரோல்டின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

"அப்ப நீ தனியாவா மணி கெடந்த? அவ்ளோ வலியில?"

"தனியாவா..." யோசித்தாள். "தனியா இருந்தாப்புல இல்லியே. பயம் வந்துச்சு, வந்துட்டுப் போயிருச்சு. யாரோ கைய பிடிச்சாப்புலதான் இருந்துச்சு. நான் கட்டில் கம்பின்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க?"

"இப்பத்தான் சரிவுல போயிருந்தேன். கூப்பிடல. கூப்பிடாமயே மேல வந்துட்டேன்."

என் கைச் சேற்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் காலர் விவகாரத்தைப் பேசுவது நன்றாக இருக்காது என்று பட்டது.

"மணி," என்றான் ஹரோல்ட். "நான் இந்தப் பக்கம் கைய விட்டுட்டேன். நீ அந்தப் பக்கம் கைய விட்டுட்ட."

"ஆமா."

"மிஷினு சாயலையே."

அங்கே அவள் சிரிக்கிற சத்தம், உடனே ஒரு முனகல். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது. ரெண்டு பிடியையும் பிடிச்சுக்கிட்டு, இதுக எப்ப வாயத் தொறக்கும்னு பாத்துக்கிட்டு நின்னுருப்பாரு. சீக்கிரம் பண்ணுங்க, ஆளு தள்ள ஆரம்பிச்சுட்டாரு."

ஹரோல்ட் தொப்பியைக் கழற்றினான். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். தேக்கிவைத்த ஜெபம் மொத்தமும் ஒரே மூச்சில் வந்தால் தொட்டி வெடிக்கும். ஒன்றும் கேட்காததால் விரலை விலக்கினேன். அவன் பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். விட்டுராதேயும்."

"ஆமென்," என்றாள் நவமணி. லைன் போய்விட்டது.

அவ்வளவுதான். அந்த ஜெபத்துக்கு அம்மாக்கண்ணு உலை வைத்திருந்தால் தண்ணீர்கூடச் சுட்டிருக்காது.

தொட்டியடியில் ஒரு பலகை உண்டு. அதில் போய் உட்கார்ந்தான். அவள் விழுந்த பிறகு அவன் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். நானும் மறுமுனையில் உட்கார்ந்தேன். நான் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து வாழைப்பழ ரொட்டியைப் பாதி தின்றான். ஏதோ சொல்ல வந்தான், சொல்லாமல் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தூங்கிவிட்டான். கீழே காய்கறித் தோட்டங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன, பனி அவற்றைத் தின்றது, மறுபடி கக்கியது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. போனைப் பார்த்தேன், பாக்கெட்டில் வைத்தேன், எடுத்தேன். அவன் விட்ட பதற்றத்தை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

போன் அடித்தபோது அவன் அசையவில்லை.

"மாமா!" கேத்லீன் அழுதுகொண்டே பேசினாள். "முடிஞ்சிருச்சு மாமா. நல்லபடியா முடிஞ்சிருச்சு. அம்மா கண்ணத் தொறந்துட்டாங்க. ரோடு தொறந்ததும் டேடிய வரச் சொல்லுங்க. டேடி எங்க?"

"தூங்குறாம்மா."

"தூங்குறாரா? டேடியா? தனியாவா இருக்காரு?"

திரும்பிப் பார்த்தேன். குளிர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. பலகையில் அவனுக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. குளிருக்கு நெருங்கி உட்காரலாம் என்று கையை ஊன்றி எழப்போனேன்.

"இல்லம்மா," என்றேன். "தனியா இல்ல."

அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, என் முனையிலேயே உட்கார்ந்திருந்தேன்.